அழுகிற மகள், பேசாத மகன்: யாரைக் கவனிப்பது?

கேள்வி: உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறோம். மகன் பிளஸ் டூ, மகள் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மகள் அடிக்கடி அழுகிறாள். வயிற்று வலி, தலைவலி என்கிறாள். தோழியிடம் மணிக்கணக்கில் போனில் புலம்புகிறாள். மகன் எதுவும் சொல்வதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறான், கபடி ஆடப் போவதையும் நிறுத்திவிட்டான். "ஆம்பளப் பய அப்படித்தான் இருப்பான், பொம்பளப் பிள்ளையப் பாரு" என்கிறார் என் கணவர். மகளை டாக்டரிடம் காட்ட வேண்டுமா? பெண் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே மனம் பலவீனமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய நீண்ட கடிதத்தில் பெரும்பகுதி மகளைப் பற்றியே இருந்தது. ஆனால் அதைப் படித்து முடித்தபோது என்னை அதிகம் கவலைப்படுத்தியவை மகனைப் பற்றி நீங்கள் எழுதிய சில வரிகள்தான். இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், பொதுத் தேர்வை எதிர்நோக்கித் தவிக்கிறார்கள். ஒருத்தியின் தவிப்பு காதில் விழுகிறது, மற்றவனுடையது விழவில்லை.

பெண்களின் மனம் இயல்பிலேயே பலவீனமானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிறு வயதில் மனச்சோர்வு இருபாலரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காணப்படுகிறது. பூப்படையும் வயதுக்குப் பின்னர் அது பெண் பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. உடலில் நிகழும் மாற்றங்களுக்கு இதில் பங்கு உண்டென்றாலும், அந்த வயதில் ஒரு பெண்ணின் மேல் வந்து சேரும் கட்டுப்பாடுகளும், உருவத்தைப் பற்றிய பேச்சுகளும், பேருந்திலும் தெருவிலும் அவள் சகிக்க நேர்கிற தொந்தரவுகளும், வீட்டு வேலையும் சேர்ந்தேதான் அவளை அழுத்துகின்றன. விடியுமுன் பூப் பறிக்க உங்களோடு மகள் வருவதாகவும், பள்ளி விட்டு வந்து பாத்திரம் தேய்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மகனுக்குப் படிப்பு இருப்பதால் அவனை எழுப்புவதில்லை என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவளும் பொதுத் தேர்வு எழுதப் போகிறவள்தானே! இப்போது பனிக்காலம், பூ வரத்துக் குறைவு. மாசி, பங்குனியில் செடி நிறையப் பூக்கத் தொடங்கும்போது தேர்வும் வந்துவிடும். அந்த வாரங்களில் பறிப்புக்குக் கூலி ஆள் வைக்க முடியுமா என்று இப்போதே கணக்குப் பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூங்காத பிள்ளைக்கு எந்த ஆறுதலும் முழுதாகப் பயன்படாது.

கூடவே அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனால் வரும் சோர்வையும் தலைவலியையும் 'படிப்பு பயம்' என்று நாமே பெயரிட்டு ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அவள் தோழியிடம் பேசுவது நல்லதுதான், தடுக்காதீர்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸும் அவருடன் பணியாற்றியவர்களும், நண்பர்கள் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பப் பேசும் பழக்கத்தை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, அப்படிப் பேசும் பெண் பிள்ளைகளின் நட்பு இறுகியது, அதோடு அவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் கூடின. பையன்களிடம் நட்பு மட்டுமே வலுப்பட்டது. ஆகவே, மகள் அழும்போது முழுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்று இடைமறிக்காதீர்கள். அவள் சொல்லி முடித்ததும், 'இதில் நாளைக்கு எதைச் செய்யலாம்?' என்று கேளுங்கள். கணக்கில் எந்தப் பாடம் புரியவில்லை, எந்த ஆசிரியரிடம் கேட்கலாம் என்ற அளவுக்குச் சின்னதாக அந்தப் பதில் இருந்தால் போதும்.

இனி மகன். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு சோகமாகத்தான் வெளிப்பட வேண்டும் என்பதில்லை. எரிச்சலும் கோபமுமே அதன் முதன்மை அறிகுறியாக இருக்கலாம் என்பது மனநல மருத்துவர்கள் நோய் கண்டறியும் விதிகளிலேயே இருக்கிறது. இது இருபாலருக்கும் பொருந்தும் என்றாலும், அழக் கூடாதென்று வளர்க்கப்பட்ட பையனிடம் கோபத்துக்கு மட்டுமே வீட்டில் அனுமதி இருக்கிறது. எரிந்து விழுவதை விடவும், விரும்பி ஆடிய கபடியை அவன் விட்டதை நீங்கள் கவனிக்க வேண்டும். பிடித்தமான ஒன்றில் நாட்டம் அறுந்துபோவது அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறி.

'மனசு விட்டுப் பேசுடா' என்றால் அவன் பேச மாட்டான். பையன்கள் கூச்சத்தால் பேசுவதில்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அதே ரோஸின் குழுவினர் 2012-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பையன்கள் பெண் பிள்ளைகளை விட அதிகமாகக் கூச்சப்பட்டதாகச் சொல்லவில்லை. பிரச்சினையைப் பேசுவது விநோதமாகவும் நேர விரயமாகவும் தோன்றுகிறது என்றே அவர்கள் கூறினார்கள். எனவே, பேசினால் ஏதாவது நடக்கும் என்பதை அவனுக்குச் செயலில் காட்ட வேண்டும். உட்கார வைத்து விசாரிக்காமல், உங்கள் கணவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் அழைத்துச் செல்லட்டும். வழியில், 'டியூஷன் கூடுதலாக இருந்தால் ஒன்றை நிறுத்திவிடலாமா?' என்று அவன் ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்கட்டும். அவன் 'ஆமா' என்றால், அந்த வாரமே அதை நிறுத்துங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் கபடிக்குப் போகச் சொல்லுங்கள். உடல் உழைப்பு மன அழுத்தத்தைக் குறைக்கிறது, அந்த நேரத்தால் மதிப்பெண் கெட்டுவிடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இதே நிலை தொடர்ந்தாலோ, தூக்கமோ உணவோ மாறினாலோ, உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் போன்றவற்றை அவனிடம் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 'நான் இல்லாட்டா நல்லா இருக்கும்' என்ற பேச்சு இருவரில் யாரிடமிருந்து வந்தாலும், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்று பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மல்லிகைக்கு அடிக்கும் பூச்சிமருந்தை இன்றைக்கே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இது பிள்ளைகள் உள்ள எல்லாத் தோட்டக்கார வீடுகளுக்கும் நான் சொல்வது. ஒரு கண வேகத்தில் எடுக்கும் முடிவுக்கும் உயிருக்கும் நடுவே பல வீடுகளில் அந்தப் பூட்டு ஒன்றுதான் நிற்கிறது.

டாக்டரிடம் மகளை மட்டும் காட்டாதீர்கள், இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று விசாரியுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன்பே 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பிள்ளைகள்தான் பேச வேண்டும் என்றில்லை. முதலில் நீங்களோ உங்கள் கணவரோ அழைத்து, எப்படித் தொடங்குவது என்று கேட்கலாம்.