கிளிசரின் தேவைப்படாத குழந்தை

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் பேச்சு தமிழ்தான். மகளுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக மலையாள டிவி தொடர் ஒன்றில் கதாநாயகியின் மகளாக நடிக்கிறாள். மாதத்தில் பாதி நாள் திருவனந்தபுரத்தில் ஷூட்டிங். கூடப் போய்வர ஆள் வேண்டும் என்று என் கணவர் கஞ்சிக்கோட்டில் பார்த்துவந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டார். சம்பளம் அவர் கணக்கில் வந்துவிடும். லோன் போட்டு மாடியோடு வீடும் கட்டிவிட்டோம். இப்போது சென்னையிலிருந்து ஒரு தமிழ்த் தொடருக்கும் ஒரு படத்துக்கும் கேட்கிறார்கள். குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்று நினைக்கிறோம். மாமியார்தான் குறுக்கே நிற்கிறார். ‘பிள்ளையை ஆட விட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்’ என்று நாலு பேர் முன்னால் பேசுகிறார். அவளுடைய முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த புடவையை இன்றுவரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எம்.ஜி.ஆரே சின்ன வயதில் நாடகக் கம்பெனிக்குப் போனவர்தானே? இவள் பிறவி நடிகை அம்மா. அழுகைக் காட்சிக்குக் கிளிசரினே வேண்டாம். எப்படி அழுகிறாய் என்று டைரக்டர் கேட்டதற்கு, ‘ஷூட்டிங் நின்றுவிட்டால் வீட்டு லோனை யார் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன், அழுகை வந்துவிடும்’ என்றாளாம். செட்டே கைதட்டியதாம். மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: மகளே, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே அந்தக் கிளிசரின் விஷயம், அதை நீயே இன்னொரு தடவை வாசித்துப் பார். சென்னை, மாமியார், புடவை எல்லாம் அப்புறம்.

பதினொரு வயதுப் பெண் வீட்டு லோனை நினைத்து அழுகிறாள். அதைத் திறமை என்று நீ எழுதுகிறாய். செட்டில் கைதட்டியவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஒரே டேக்கில் காட்சி முடிந்தது, அடுத்த காட்சிக்கு லைட்டை நகர்த்தலாம் என்ற நிம்மதி அவர்களுக்கு. பெற்றவளுக்கு அந்தக் கணத்தில் வயிறு பற்றி எரிந்திருக்க வேண்டாமா? அதை எடுத்துவந்து எனக்குப் பெருமையாக எழுதத் தோன்றியதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கிளிசரின் எதற்கு இருக்கிறது? கண்ணோரத்தில் ஒரு துளி தடவினால் எரிச்சலில் நீர் வழியும், மனது அதன்பாட்டுக்கு இருக்கும். ‘கட்’ என்றதும் முகத்தைக் கழுவிக்கொண்டால் தீர்ந்தது. ஒரே நாளில் காட்சி காட்சியாக எடுத்துத் தள்ளும் டிவி தொடர்களில் வளர்ந்த நடிகைகளே அதைத்தான் நம்புகிறார்கள். ஒவ்வொரு அழுகைக்கும் சொந்தத் துக்கத்தைக் கிளறினால் உடம்பும் மனதும் தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். உன் மகளுக்கு அந்தத் தடுப்புகூட இல்லை. அவள் அழுவது நிஜமான அழுகை. ‘கட்’ சொன்ன பிறகும் லோன் அப்படியே இருக்கிறது. இரவு ரயிலில் அப்பா தோளில் சாய்ந்து பாலக்காட்டுக்குத் திரும்பும்போதும் இருக்கிறது.

லோன் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவள் பாஸ்புக்கைப் பார்த்திருக்க மாட்டாள். நீங்கள் இருவரும் சாப்பிடும்போது பேசியிருக்கிறீர்கள். ‘இந்த மாதம் பத்து நாள்தான் கால்ஷீட், தவணைக்கு இழுக்கும் போலிருக்கிறது’ என்று அவர் சொல்லியிருப்பார். நீ பதில் பேசாமல் குழம்பை ஊற்றியிருப்பாய். அவள் தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டிருப்பாள். காய்ச்சலோடு ரயில் ஏறிய நாளும் ஒன்று இருந்திருக்கும். ‘எனக்கு முடியவில்லை’ என்று அவள் வாய் திறக்காததை, ‘எவ்வளவு பொறுப்பு பாருங்கள்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பாய். இப்படித் தாங்களாகவே பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்ட குழந்தைகளைப் பற்றி எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. முப்பது வயதில் அவர்களே எனக்கு எழுதுகிறார்கள். அவற்றில் பெற்றோரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

நடிப்பை நான் மட்டமாக நினைக்கவில்லை. குழந்தை நடிக்கக் கூடாது என்று சொல்லவும் வரவில்லை. விருப்பமுள்ள குழந்தை கேமராமுன் நிற்பதில் தவறு ஒன்றுமில்லை. சட்டமும் அதை நிபந்தனைகளோடுதான் அனுமதிக்கிறது. பதினான்கு வயதுக்குக் கீழே எந்தக் குழந்தையையும் வேலையில் வைக்கக் கூடாது என்று 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, சினிமா, டிவி போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2017-ல் அதற்கு விதிகள் வந்தன. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, படிப்பு தடைபடக் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரிலேயே நிரந்தர வைப்பாக நேரடியாகப் போக வேண்டும், பதினெட்டு வயதில் அவள் கைக்கு வர வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

இதில் எதைப் பற்றியாவது உன் கடிதத்தில் ஒரு வரி உண்டா? ‘சம்பளம் அவர் கணக்கில் வந்துவிடும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அவள் பெயரில் கணக்கு எங்கே? அனுமதிக் கடிதத்தின் நகலை அந்தக் கம்பெனியிடம் எப்போதாவது கேட்டீர்களா? ஆட்சியரின் அனுமதி எல்லாம் அவர்கள் பாடு என்று இருந்துவிட்டீர்கள். அதோடு, 20 சதவீதம் என்பது சட்டம் வைத்த குறைந்தபட்சக் கணக்கு. மீதி எண்பதைப் பெற்றோரின் மனசாட்சியை நம்பி விட்டிருக்கிறது. அந்த எண்பதில் நீங்கள் மாடி கட்டியிருக்கிறீர்கள்.

இனி எம்.ஜி.ஆர். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வடவனூர். எம்.ஜி.ஆரின் தாயார் சத்தியபாமா அம்மையாரின் ஊர். அவர் கதையை நீ கேட்டே வளர்ந்திருப்பாய். முழுதாகக் கேட்டாயா என்பதுதான் சந்தேகம். கணவனை இழந்து, கைப்பிள்ளைகளோடு கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்த விதவை அவர். சம்பாதிக்க வீட்டில் ஆண் துணை இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறாவது கிடைக்கட்டும் என்றுதான் சக்கரபாணியையும் ராமச்சந்திரனையும் நாடகக் கம்பெனிக்கு அனுப்பினார். அந்த ராமச்சந்திரன்தான் எம்.ஜி.ஆர். அவர் முதல் படத்தில் முகம் காட்டியது 1936-ல், கதாநாயகன் ஆனது 1947-ல். முப்பது வயது அப்போது. இடையில் பதினொரு வருடம் சின்னச் சின்ன வேடங்கள். அந்தத் தாய் பசியில் எடுத்த முடிவை, கஞ்சிக்கோட்டில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மனிதனின் மனைவி எடுத்துக்காட்டாகச் சொல்லக் கூடாது. உன் கணவர் உயிரோடும் ஆரோக்கியமாகவும் இருக்கிறார்.

அவர் வேலையை விட்டது குழந்தைக்காக என்று தயவுசெய்து சொல்லாதே. கூடப் போக ஆள் வேண்டும், நியாயம்தான். பெண் குழந்தை, வயதுக்கு வரும் பருவம், ஷூட்டிங் இடங்களில் கழிப்பறைகூட ஒழுங்காக இல்லை என்று, மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கையே 2024-ல் வெளியாகிவிட்டது. அப்படியிருக்க, அவளுடன் போக வேண்டியது தாயா, தகப்பனா? நீ போயிருந்தால் அவர் வேலையில் இருந்திருப்பார். குழந்தையின் சம்பளம் குழந்தையுடையதாகவே இருந்திருக்கும். நீங்கள் இருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இல்லை. அவருடைய சம்பளத்தைவிட இவளுடையது அதிகம், அதனால் அவர் வீட்டில் இருந்தால் போதும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். சம்பாதிக்கும் தகப்பனின் இடத்தில் மகளை உட்கார வைத்துவிட்டு, தகப்பன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார். ஆணோ பெண்ணோ, உழைக்கத் தெம்பு இருக்கிறவரைக்கும் பிள்ளைக்குச் சோறு போட வேண்டியது பெற்றவர்தான். இதில் நான் ஒரு அங்குலமும் இறங்கி வர மாட்டேன்.

இந்த வருமானம் எத்தனை நாளைக்கு என்றாவது யோசித்தீர்களா? ரேட்டிங் சரிந்தால் டிவி தொடருக்கு ஒரு அட்டை போதும்: ‘பத்து வருடங்களுக்குப் பிறகு’. மறுநாள் எபிசோடில் உன் மகளின் பாத்திரத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி நிற்பாள். லோன் அப்படிப் பத்து வருடம் தாண்டிக் குதிக்காது. அதற்கப்புறம் வரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது நடிகர்களுக்கு இரண்டுங்கெட்டான் காலம். குழந்தை வேடத்துக்கு உயரம் கூடிவிடும், பெரிய வேடத்துக்கு வயது போதாது. முதல் படத்துக்கே குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய கமல்ஹாசனுக்கும் அந்தக் காலம் வந்தது. நாடகத்துக்குப் போனார், டான்ஸ் மாஸ்டர் தங்கப்பனிடம் உதவியாளராக இருந்தார், வேலை கற்றுக்கொண்டார். அதற்கு அவகாசம் எப்படிக் கிடைத்தது? பரமக்குடி வக்கீல் வீட்டுப் பிள்ளை அவர். அவர் கையில் படம் இல்லை என்பதற்காக அந்த வீட்டில் தவணை நிற்கவில்லை. பேபி ஷாலினி 1983-ல் மலையாளத்தையே கொள்ளைகொண்ட குழந்தை. 1997-ல் கதாநாயகியாகத் திரும்பி வருவதற்குமுன் சில வருடங்கள் திரையில் இல்லாமல் இருக்க முடிந்தது. நல்ல நடிகர்களை உருவாக்குவது அந்தச் சும்மா இருக்கும் வருடங்கள்தான். உன் மகள் ஒரு மாதம்கூடச் சும்மா இருக்க முடியாதபடி நீங்கள் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

மாமியார் பேசியது கடுமையான வார்த்தை. நாலு பேர் முன்னால் பேசியிருக்க வேண்டாம். ஆனால் அந்தப் புடவையை அவர் ஏன் பிரிக்கவில்லை என்று உனக்குப் புரியவில்லை. ஆறாம் வகுப்புப் பேத்தி உழைத்த காசை உடம்பில் சுற்றிக்கொள்ள அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. உன் வீட்டில் அந்தப் பணம் யாருடையது என்று தெரிந்த பெரிய மனுஷி அவர் ஒருவர்தான். அவரைச் சம்மதிக்க வைக்க வழி கேட்கிறாய். நான் சொல்லித்தர மாட்டேன்.

சென்னை வேண்டாம். உன் கணவர் பழைய கம்பெனிக்குப் போய்க் கேட்கட்டும். அங்கே இல்லையென்றால் கஞ்சிக்கோட்டில் அது ஒன்றுதான் கம்பெனி என்றில்லை. முன்னைவிடக் குறைந்த சம்பளம் என்றாலும் சேரட்டும். மாடியை வாடகைக்கு விடு. வங்கி மேனேஜரிடம் போய், தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், நீட்டித் தருவது உண்டு. வட்டி கூடத்தான் செய்யும். கூடட்டும். அவள் பெயரில் கணக்குத் தொடங்கி, இனி வரும் சம்பளம் முழுவதையும் அதில் போடு. இதுவரை எடுத்துச் செலவழித்ததை ஒரு நோட்டில் எழுதி வை. அது நீங்கள் அவளுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். இப்போது நடக்கும் தொடருக்கு இனி நீ கூடப் போ. விடுமுறைக்கும் சனி, ஞாயிறுக்கும் மட்டும் கால்ஷீட் என்று தயாரிப்பு மேனேஜரிடம் சொல். ஒத்துவராது என்றால் கதையில் அவள் பாத்திரத்தை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவார்கள். எழுதுகிறவர்களுக்கு அது அரை நாள் வேலை.

குழந்தையிடம் பேச வேண்டியது உன் கணவர். ‘இனி தவணையை அப்பா கட்டுவேன். நீ நடித்தாலும் நடிக்காவிட்டாலும் இது நம் வீடுதான்’ என்று அவர் வாயால் அவள் கேட்க வேண்டும். சொன்னவுடன் நம்பமாட்டாள். அவருடைய சம்பளத்தில் இரண்டு மூன்று தவணை கட்டியதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் நடிக்க ஆசையா என்று அவளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘ஆசை’ என்றால் ஏப்ரல், மே விடுமுறையில் ஒரு படம் செய்யட்டும், விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு. ‘வேண்டாம்’ என்றால் சென்னைக்குப் போன் போட்டு மறுப்பைச் சொல்ல வேண்டியது அவர். அப்போது போனை அவள் கையில் கொடுத்து, ‘நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு கண்ணு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.