வாகனக் கேள்வி பதில்: பவர் ஸ்டீயரிங் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது

கேள்வி: ஐயா, வணக்கம். ரப்பர் ஷீட்டும் அன்னாசிப் பழமும் ஏற்றுவதற்காகப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். காலையில் வண்டியை எடுத்து முதல் வளைவில் திருப்பும்போது முன்பக்கத்திலிருந்து உறுமல் போன்ற ஓசை வருகிறது. பவர் ஸ்டீயரிங் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் கறுத்துப்போயிருக்கிறது. வீட்டு முற்றத்தில் வைத்து நானே இதை மாற்ற முடியுமா? எந்த ஆயிலை, எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகர், குலசேகரம்

பதில்: தாராளமாக மாற்றலாம். துணைக்கு ஒருவரும், ஒரு முற்பகல் நேரமும் இருந்தால் போதும். பழைய வண்டியை வாங்கியவர் முதலில் கவனிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இந்த ஆயிலை வண்டியின் ஆயுள் முழுவதும் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் ஓசை கேட்டவுடன் ஆயில்தான் காரணம் என்று முடிவுசெய்துவிட வேண்டாம். கீச்சென்று கத்தினால் பெரும்பாலும், ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கும். ஆழ்ந்த உறுமலாக இருந்தால் ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கலாம். முன்சக்கரங்களில் காற்று குறைவாக இருந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு டப்பாவுக்கு வாருங்கள். சிறிது ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். இவ்வகை ஆயில் பலவும் புதிதாக இருக்கும்போது சிவப்பாக இருக்கும். வெப்பத்தில் உழைத்துப் பழுப்பாகிப் பின் கறுக்கும். கருகிய நாற்றம் இருந்தால் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. துணியில் உலோகத் துகள் மினுங்கினால் பம்பு தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். புது ஆயில் அந்தத் தேய்மானத்தை ஈடுசெய்யாது.

எந்த ஆயில் என்பதற்கு வண்டியின் கையேடும் டப்பா மூடியில் பொறித்திருக்கும் எழுத்துமே இறுதி விடை. பல பிக்கப்புகளுக்கு ‘டெக்ஸ்ரான்’ வகை ஆயில், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஆயில், குறிக்கப்பட்டிருக்கும். டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வகுத்த தர அளவு. அதில் மூன்றாம் வகைக்கு உரிமம் வழங்குவதை அந்நிறுவனம் 2006-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. எனவே இன்று கடையில் ‘டெக்ஸ்ரான் 3’ என்று எழுதியிருக்கும் கேன் அந்த ஆயில் நிறுவனத்தின் சொந்த உறுதிமொழியை மட்டுமே நம்பி நிற்கிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் சீல் உடையாத கேனாகப் பார்த்து வாங்குங்கள். ஆறாம் வகை சற்று நீர்த்தது என்பதால், கையேடு அனுமதித்தால் மட்டுமே மூன்றாம் வகைக்குப் பதிலாக அதை ஊற்றலாம். இந்த அமைப்பு பெரும்பாலும் ஒரு லிட்டரை ஒட்டிய அளவே கொள்ளும். கழுவி வெளியேற்றவும் சேர்த்து இரண்டு லிட்டர் வாங்கினால் போதும்.

எளிய வழி ஒன்று உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சால் டப்பாவிலுள்ள ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் அவ்வாறே செய்வது. சக்கரத்தைத் தூக்க வேண்டாம், எந்த ஹோஸையும் கழற்ற வேண்டாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்குதான் டப்பாவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை மாற்றிய பிறகும் பழைய ஆயிலில் ஏறத்தாழ 30 சதவீதம் உள்ளேயே இருக்கும். இளம்பழுப்பாக இருக்கும் ஆயிலுக்கு இந்த வழி போதும். உங்களுடையதைப் போலக் கறுத்துப்போனதற்கு முழுமையாக மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

முழுமையாக மாற்ற, வண்டியைக் கூரையின் கீழ் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் மழையும் அக்டோபரில் தொடங்கும் மழையும் இரண்டுமே பெய்வதால், திறந்த டப்பாவில் ஒரு தூறல் விழுந்தாலும் வேலை கெட்டது. கைபிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். செம்மண் முற்றமாக இருந்தால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுகளுக்கும் அடியில் தடித்த பலகை கட்டாயம் வேண்டும். மழையில் ஊறிய மண் பாரத்தைத் தாங்காது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது.

டப்பாவின் வெளிப்புறத்தையும் மூடியையும் முதலில் துடைத்துவிட்டுத் திறந்து, உள்ளே இருப்பதைச் சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். டப்பாவிலிருந்து இரண்டு ஹோஸ்கள் இறங்கும். பருமனானது பெரும்பாலும் பம்புக்குப் போவது; மெலிந்தது ஸ்டீயரிங்கிலிருந்து ஆயிலைத் திருப்பிக் கொண்டுவருவது. திரும்பி வரும் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை அதனுடன் இணைத்து, மறுமுனையை இரண்டு லிட்டர் பாட்டிலுக்குள் விடுங்கள். டப்பாவில் திறந்து நிற்கும் அந்த வாயை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டுப் புது ஆயிலை மேல்குறி வரை ஊற்றுங்கள்.

இனி எஞ்சினை இயக்காமல், சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவித்து, துணைக்கு இருப்பவர் ஸ்டீயரிங்கை இடக்கோடி வரையிலும் வலக்கோடி வரையிலும் மெதுவாகத் திருப்பட்டும். ஒவ்வொரு திருப்பலிலும் கறுப்பு ஆயில் பாட்டிலுக்குள் வரும். டப்பாவில் மட்டம் இறங்க இறங்க நீங்கள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா ஒரு முறைகூட வறண்டுவிடக் கூடாது. வறண்டால் பம்பு காற்றைக் குடிக்கும். எஞ்சினை ஓடவிட்டு இதைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பம்பு அந்த வேகத்தில் ஆயிலை வெளியே தள்ளும்போது கையால் ஊற்றி ஈடுகொடுக்க முடியாது என்பதால் வீட்டில் செய்கிறவர்களுக்கு அந்த வழி வேண்டாம். குழாயில் சிவப்பு நிறம் தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்தி, ஹோஸைப் பழைய இடத்தில் பொருத்திக் கிளிப்பை இறுக்குங்கள்.

பலர் இந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டதென்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பாதி வேலை இனிமேல்தான். உள்ளே தங்கிய காற்று வெளியேறாவிட்டால் புது ஆயிலோடும் அதே உறுமல் தொடரும். எஞ்சினை அணைத்தபடியே, டப்பாவின் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டீயரிங்கை இரு கோடிகளுக்கும் இருபது முறையாவது நிதானமாகத் திருப்புங்கள். குமிழ்கள் மேலே வருவதையும் மட்டம் இறங்குவதையும் காண்பீர்கள். குமிழ் நின்ற பிறகு எஞ்சினை இயக்கி, மிதவேகத்தில் விட்டுச் சில முறை திருப்புங்கள். எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங்கைக் கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அந்நிலையில் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ஆயில் கடுமையாகச் சூடாகும். ஆயில் நுரைத்து வெளிறினால் காற்று இன்னும் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதில் அவசரம் காட்டுவது பம்பைத்தான் பாதிக்கும். கடைசியாக வண்டியை இறக்கி, டப்பாவில் குளிர்நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தால் அதற்கேற்ற மட்டத்தைப் பாருங்கள்.

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். பயன்படுத்திய ஆயிலை 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அபாயகரமான கழிவாகவே வகைப்படுத்துகின்றன. வீட்டுக்கு வீடு கிணற்று நீர் குடிக்கும் ஊர்கள் நம்முடையவை. மூடிய கேனில் வைத்து, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மீன் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறோம். பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருந்ததால், என் தம்பி கையில் கிடைத்த பிரேக் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றிவிட்டான். வண்டியை இன்னும் எடுக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், முட்டம்

பதில்: வண்டியை எடுக்காமல் எழுதிக் கேட்டதே பெரிய நன்மை. எஞ்சினை இயக்காதீர்கள். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய். இரண்டும் கலப்பதில்லை என்பதோடு, ஸ்டீயரிங்கிலும் பம்பிலும் உள்ள ரப்பர் சீல்களைப் பிரேக் ஆயில் கெடுத்துவிடும். டப்பாவைச் சிரிஞ்சால் முழுமையாகக் காலிசெய்து, முடிந்தால் கழற்றித் துடைத்து, சரியான ஆயிலை ஊற்றி மேலே சொன்ன முறையில் முழுவதையும் மாற்றிவிடுங்கள். இதற்குச் சற்றுக் கூடுதலாகவே ஆயில் செலவிடுங்கள். எஞ்சின் ஓடியிருந்தால், மாற்றிய பிறகும் சில வாரங்கள் கசிவைக் கவனிக்கச் சொல்லியிருப்பேன்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு: பவர் ஸ்டீயரிங் ஆயில் பிரேக் டப்பாவுக்குள் போவது. பிரேக்கின் ரப்பர்கள் உப்பிப் பிரேக்கே பிடிக்காமல் போகக்கூடும். ஆகவே இதற்குப் பயன்படுத்திய சிரிஞ்சையும் புனலையும் பிரேக் டப்பாவின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கடற்கரையில் ஓடும் வண்டி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றும் மீன் பெட்டிகளிலிருந்து வழியும் உப்பு நீரும் இரும்புக் குழாய்களையும் கிளிப்புகளையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஆயிலைத் தொடும்போதே அவற்றையும் பார்த்து, துரு தின்றதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தோவாளைச் சந்தைக்குப் பூ ஏற்றிச் செல்லும் என் வண்டியில் பவர் ஸ்டீயரிங் ஆயில் மாதாமாதம் குறைகிறது. தரையில் சொட்டு எதுவும் காணவில்லை. ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: கூடாது. இது மூடிய சுற்று. எஞ்சின் ஆயிலைப்போல எரிந்து குறைய வழியில்லை. ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சட்டம்) உள்ள வண்டியானால் அதன் இரு முனைகளிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறைகளை அழுத்திப் பாருங்கள். சீல் போய்க் கசிந்த ஆயில் தரையில் விழாமல் அவற்றுக்குள் தேங்கியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது கசிவைத் தேடி அழுத்தக் குழாயில் விரலை வைக்காதீர்கள். உள்ளே டயரின் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் இருக்கிறது, ஊசித்துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துவிடும். ஓர் அட்டையை அருகில் பிடித்துப் பாருங்கள். ரேக் சீல் மாற்றுவது வீட்டில் செய்யும் வேலை அன்று, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய சிறு சரக்கு வண்டியில் ஸ்டீயரிங் இலகுவாக இருக்கிறது, ஆனால் ஆயில் டப்பாவையே காணவில்லை. எங்கே இருக்கும்?
– வாசகர், திங்கள்நகர்

பதில்: உங்கள் வண்டியில் மின்மோட்டார் துணையோடு இயங்கும் ஸ்டீயரிங் இருக்கக்கூடும், டாடா இன்ட்ரா வரிசையின் சில வண்டிகளில் அதுதான் உள்ளது. அதற்கு ஆயில் கிடையாது. பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் நல்ல நிலையில் வைத்திருங்கள், ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே சர்வீஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள்.