மையச் சர்வர் இல்லாமல் குழு விவாதம் நடத்த முடியுமா?

முடியும். எந்த நிறுவனத்தின் சர்வரையும் நம்பாமல் ஐம்பது பேர் தொடர்ந்து விவாதிக்க வழி உண்டா என்பதுதானே கேள்வி? எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்கட்டில்பட், மையச் சர்வர் இல்லாமல் கணினிகள் நேரடியாகப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் சமூக வலைப்பின்னல். நியூசிலாந்தில் பாய்மரப் படகில் வாழ்ந்த டொமினிக் டார் என்ற நிரலாளர் 2014 வாக்கில் தொடங்கியது. படகில் இணையம் வரும், போகும். இல்லாதபோதும் இது ஓடியாக வேண்டும். கப்பலில் குடிநீர்ப் பீப்பாயடியில் மாலுமிகள் பேசும் ஊர்வம்புக்குத்தான் அந்தப் பெயர். நம்மூர்க் குழாயடிப் பேச்சு மாதிரி.

நீங்கள் எழுதுவதெல்லாம் உங்கள் கணினியிலேயே நாட்குறிப்பு போல வரிசையாகச் சேரும். ஒவ்வொரு பதிவிலும் உங்கள் டிஜிட்டல் கையெழுத்தும் முந்தைய பதிவின் ஹாஷும் (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) இருக்கும். நடுவில் யாராவது ஒரு எழுத்தைத் திருத்தினாலும் சங்கிலி அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். நண்பர் ஒருவர் அதே வைஃபைக்கு வந்தால் போதும், புதுப் பதிவுகள் கைமாறும். அப்புறம் அவர் இன்னொருவரைச் சந்திக்கும்போது உங்கள் பதிவு அங்கேயும் போகும். கையெழுத்து இருப்பதால் இடையில் இருப்பவர் இட்டுக்கட்ட முடியாது.

சரி, சிக்கல்கள்? பிறர் கணினிக்குப் போன பிரதி போனதுதான், திரும்ப அழிக்க முடியாது. அந்தக் கையெழுத்தைப் போட உதவும் ரகசியச் சாவி தொலைந்தால் கணக்கும் போச்சு. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று முறையிட ஆளில்லை. தொல்லை தருபவரை நீங்கள் பிளாக் செய்யலாம், எல்லோருக்குமாக வெளியேற்ற மட்டுறுத்துநர் கிடையாது. மட்டுறுத்துநர் கட்டாயம் வேண்டும் என்றால் லெம்மி என்ற விவாதத் தள மென்பொருளைப் பாருங்கள். அதில் சர்வர் உண்டு, ஆனால் பலர் தனித்தனியாக நடத்துவது. வேண்டுமானால் நீங்களே ஒன்றை நிறுவிக்கொள்ளலாம்.