வாய்க்கால் கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு பரவுகிறது. அழிப்பது எப்படி, எதற்காவது உதவுமா?

அழிக்கத்தான் வேண்டும். அழிக்கிற கூலியில் கொஞ்சத்தை உரமாகத் திருப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். உதவுகிறதே என்று கரையில் விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு வயலுக்குள் நிற்கும்.

நாங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் பாசனம். தென் அமெரிக்கச் செடியான இதை வேலிக்கென்று மனிதர்களே நட்டார்கள். பச்சைக் குச்சியை ஈர மண்ணில் செருகினால் போதும், பிடித்துக்கொள்ளும். வெட்டிப் போட்ட துண்டும் அப்படித்தான். தண்ணீரில் மிதந்துபோய் ஒதுங்கிய இடத்தில் வேர்விடும். ஆகவே வாய்க்கால் ஓடும்போது கத்தி வைக்காதீர்கள். உங்கள் கரை சுத்தமாகும், கடைமடைக்காரர் தலையில் விடியும்.

சம்பா அறுத்து, வாய்க்கால் வற்றி, கரையில் ஈரம் மிச்சமிருக்கும் தை, மாசிதான் சரியான நேரம். அடிக்கட்டையோடு கடப்பாரை போட்டுப் பெயர்க்க வேண்டும். பொக்லைன் சீக்கிரம் முடிக்கும், ஆனால் துண்டுகளை மண்ணோடு புதைத்துவிட்டுப் போகும். பின்னாலேயே ஆள் விட்டுப் பொறுக்கணும். பெயர்த்ததை மேட்டில் போட்டு, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவிடுங்கள். முதல் மழைக்குப் பிறகு ஒரு சுற்று போனால் புதுத் தளிர்களைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.

2,4-டி அடிக்கலாமா என்று கேட்பீர்கள். அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து. அதே தை மாசியில் பக்கத்து வயலில் உளுந்து நிற்கும், அதுவும் அகன்ற இலைதான். காற்று திரும்பினால் பஞ்சாயத்து வரை போகும்.

இலையையும் இளந்தண்டையும் மட்டும் கழித்துச் சாணத்தோடு அடுக்கி மட்கவிட்டால் சம்பா நடவுக்கு எரு தயார். அப்போதும் கரையில் மிச்சம் இருந்தால், நடவுக்குப் பத்து நாள் முன்பே தழையைச் சேற்றில் மிதித்துவிடலாம். தழை உரத்துக்குப் பரிந்துரை ஏக்கருக்கு இரண்டரை டன். ஒரு கரைச் செடி அவ்வளவு தராது. வேம்பு, நொச்சி, எருக்கு இலைகளோடு ஊறவைத்துப் பூச்சிவிரட்டியாகவும் தெளிக்கிறார்கள். பயோடீசல் எடுக்கலாம் என்று பேசப்பட்ட காட்டாமணக்கு வேறு செடி, அந்த ஆசை வேண்டாம்.

ஆட்டுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பொதுவாகத் தொடாது. கோடையில் வேறு பச்சை இல்லாதபோது கடித்துப் பழகினால் அதையே தேடித் தின்னும். நஞ்சு நரம்பைப் பிடித்து, மெலிந்து, நடை தள்ளாடும்.

பலர் மறப்பது ஒன்று: செடி போன கரை வெறுங்கரை, ஐப்பசி மழையில் சரியும். பெயர்த்த கையோடு வெட்டிவேர் நடுங்கள். நம் கடலூர் மாவட்டத்தில் நொச்சிக்காடு பக்கம் மணல் நிலத்தில் பயிராகவே போடுகிறார்கள், நாற்றுக்கு அலைய வேண்டியதில்லை. நீர்வளத்துறைக் கரையாக இருந்தால் மண்ணைத் தோண்டுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.