அந்தப் பாட்டுக்கு அந்தப் பெண்கள் பொறுப்பா?

கேள்வி: அறுபதுகளில் வந்த அமெரிக்கப் பெண்கள் குழுக்களின் பாடல்களைத் தேடிக் கேட்டுவருகிறேன். தி கிரிஸ்டல்ஸ் குழுவின் ‘ஹி ஹிட் மீ’ என்னை உலுக்கிவிட்டது. அவன் அடித்தான், அது முத்தம் மாதிரி இருந்தது என்று ஒரு பெண் பாடுகிறாள். இதை எப்படி எழுதினார்கள், அந்தப் பெண்கள் எப்படிப் பாடச் சம்மதித்தார்கள்?
– மதுரை வாசகி

பதில்: சம்மதம் கேட்டால்தானே! அந்தக் குழுவில் இருந்தவர்கள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த கறுப்பினச் சிறுமிகள், பதின்ம வயது. எந்தப் பாட்டு, எந்தக் குரல், எது வெளிவரும் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், ரெக்கார்டு கம்பெனியும் அவருடையதுதான்.

பாட்டின் கரு நிஜ வாழ்க்கையிலிருந்து வந்தது. எழுதிய ஜெரி காஃபின், கரோல் கிங் தம்பதியின் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் ஈவா பாய்ட். 1962-இல் ‘தி லோகோ-மோஷன்’ பாடி லிட்டில் ஈவா என்று பெயர் வாங்கினாரே, அவரேதான். காதலன் தன்னை அடிக்கிறான் என்று தெரிந்து இவர்கள் விசாரித்தபோது, என்மேல் உயிராக இருப்பதால்தான் அடிக்கிறான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில்தான் அப்படியே பாட்டானது. எனக்கு இதில் மனம் ஆறவே இல்லை, ஏனென்றால் ஒரு பெண் தன் வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்ட சமாதானத்தை, கேட்பவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காதல் பாட்டாக விற்கப் பார்த்தார்கள்.

முதன்மைக் குரல் பார்பரா ஆல்ஸ்டன். அவருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை. இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், எந்தத் துள்ளலும் இல்லாமல், இறுகிப்போன குரலில் மெதுவாகப் பாடுகிறார், பின்னால் வயலின்கள் மட்டும் ஏதோ கல்யாணம் நடப்பதுபோலப் பொங்கி எழுகின்றன. 1962-இல் வெளிவந்ததும் எதிர்ப்பு கிளம்பியது, ஸ்பெக்டர் இசைத்தட்டைத் திரும்பப் பெற்றார். பின்னாளில் கரோல் கிங் இதை எழுதியதற்காக வருந்தினார். தன் கணவர்களில் ஒருவரிடம் தானே அடிபட்டதையும் 2012-இல் வந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: அப்புறம் அந்தக் குழு என்ன ஆனது?
– அதே வாசகி

பதில்: அடுத்து வந்த ‘ஹீஸ் எ ரெபெல்’ 1962 நவம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தட்டில் தி கிரிஸ்டல்ஸ் பெயர் இருந்தது, ஆனால் அதில் அவர்கள் ஒரு வரிகூடப் பாடவில்லை! அவர்கள் நியூயார்க் குழு, ஸ்பெக்டரோ லாஸ் ஏஞ்சலஸில் இருந்த டார்லீன் லவ்வையும் அவருடைய தி பிளாசம்ஸ் குழுவையும் வைத்துப் பதிவை முடித்துவிட்டார். பாடியவர்களுக்குப் பெயர் இல்லை, பெயர் இருந்தவர்களுக்குப் பாட்டு இல்லை. ஆனால் மேடையேறினால் அந்தப் பாட்டைப் பாடித்தான் ஆகவேண்டும், அதற்குக் குழுவில் இருந்த லாலா புரூக்ஸின் குரல் கைகொடுத்தது. 1963-இல் ‘டா டூ ரான் ரான்’, ‘தென் ஹி கிஸ்டு மீ’ இரண்டிலும் முதன்மையாகப் பாடியவரும் அவர்தான்.

பார்பராவின் குரலை நல்ல பாட்டில் கேட்க வேண்டுமென்றால் ‘ஹி ஹிட் மீ’க்கு முன்பு வந்த ‘அப்டவுன்’ கேளுங்கள். பகலெல்லாம் நகரத்தில் யாரும் மதிக்காத ஒருவன், மாலையில் தன் பேட்டைக்குத் திரும்பியதும் அவளுக்கு ராஜாவாகிறான். கிட்டார் அதில் அவ்வளவு அழகு.