எழுத்தில்லாத விளிம்பு மட்டும் போதாது

கேள்வி: பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்மின் 1872ஆம் ஆண்டு 20 மார்க் தங்கக் காசு ஒன்று, 'ப்ரோபெ' (மாதிரி) என்ற குறிப்போடு ஏலத்துக்கு வருகிறது. விளிம்பில் எழுத்தே இல்லை. விலை பல மடங்கு. வாங்கலாமா?

பதில்: விளிம்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

1871 டிசம்பர் 4ஆம் தேதிச் சட்டப்படி, ஜெர்மானியத் தங்கக் காசின் ஒரு பக்கம் அந்தந்த அரசின் மன்னர் தலை, மறுபக்கம் பேரரசின் கழுகு. சுதந்திர நகரங்களுக்கு மட்டும் தலைக்குப் பதில் நகரச் சின்னம். எந்த உருவத்தை ஏற்பது என்று பார்க்க அடித்தவைதான் மாதிரிகள். ஆகவே உண்மையான மாதிரி பெரும்பாலும் தலையிலோ எழுத்திலோ கழுகிலோ வேறுபடும். இரு பக்கமும் புழக்கக் காசைப் போலவே இருந்து, விளிம்பு மட்டும் மொட்டையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

காரணம் எளிது. புழக்கக் காசின் விளிம்பில் 'கோட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்மோடு) என்ற வாசகம் குழிவாகப் பதிந்திருக்கும். நகைக்காரர் அரத்தால் இழைத்தால் அது போய்விடும். கூடவே எடையும் விட்டமும் குறையும். சரியான எடை 7.965 கிராம், விட்டம் 22.5 மி.மீ. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் வைத்து எடுத்த படத்தையும், விளிம்பைச் சுற்றி எடுத்த படங்களையும் கேளுங்கள். எடை குறைந்தும், விளிம்பில் அரக் கீறல் தெரிந்தும் இருந்தால் விட்டுவிடுங்கள். சில மாதிரிகளை வேறு எடையிலும் அடித்திருக்கலாம். அப்படியானால் அந்த எடை மாதிரிக் காசுகளின் பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும்.

மதிப்பு எழுதிய விதத்தையும் பாருங்கள். 1873 வரை '20 எம்.' என்ற சுருக்கம்தான். 1874 முதல்தான் 'மார்க்' முழுதாக வருகிறது. 1872 காசில் முழுச் சொல் இருந்தால் அது அரிய மாதிரியாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். தண்ணீரில் நிறுத்துப் பார்க்கும் சோதனை (அடர்த்தி 17.2 அளவில் வர வேண்டும்) முலாம் பூசியதைக் காட்டிக்கொடுக்கும். நல்ல தங்கத்திலேயே அடித்த போலியிடம் அது செல்லாது.

வெள்ளி, செம்புக் காசுகளின் அச்சில் தங்கத்தை வைத்துப் பரிசுக்காக அடித்தவையும் உண்டு. அவை அரியவைதான், ஆனால் மாதிரிகள் அல்ல, விலைக்கணக்கும் வேறு.

விற்பவர் யேகர் எண்ணை (ஜெர்மானியக் காசுகளின் பட்டியல் எண்) மட்டும் சொன்னால் அது புழக்கக் காசின் எண். மாதிரிக்கு, மாதிரிக் காசுகளுக்கென்றே உள்ள ஷாஃப் பட்டியலின் எண்ணும், முன்பு எந்த ஏலத்தில் விற்றது என்ற விவரமும் கேளுங்கள். சான்றிதழ்ப் பெட்டியில் அடைத்திருந்தால், அதன் எண்ணைச் சான்றளித்த நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள்.

இவை கிடைக்கவில்லையென்றால் அதைச் சேதமான புழக்கக் காசாகவே மதிப்பிடுங்கள். முழு எடைக் காசிலேயே சுத்தத் தங்கம் 7.17 கிராம்தான், அந்தத் தங்கத்தின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.