கொடியில் காயும் சேலை

கேள்வி: எனக்கு வயது 46. குடியிருப்பது நாகர்கோவில், வேலை தக்கலையில். தனியாக உட்கார்ந்து ஜெபிக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் காத்திருக்கும் நேரங்களில் மற்றவர்களுக்காக ஜெபித்துக்கொள்வேன். குக்கர் விசில் வரும்வரை, டயாலிசிஸ் செய்துகொள்ளும் பக்கத்து வீட்டுக்காரருக்காக. வடசேரியில் பஸ் வரும்வரை, கூட வேலை செய்பவர்களுக்காக. ரேஷன் கடை வரிசையில் ஊழியக்காரர்களுக்காக. பஸ் வில்லுக்குறி தாண்டும்போது அம்மாவுக்காக. அம்மா அங்கே தம்பியோடு இருக்கிறார்கள். வீட்டைத் தம்பி பேருக்கு எழுதியதில் மனஸ்தாபமாகி, நான் போய் இரண்டு வருடம் ஆகிறது. வீடு ரோட்டோரம்தான். கொடியில் அம்மாவின் சேலை காய்ந்தால் சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் ஜெபத்தில் மனம் ஒட்டவே மாட்டேன் என்கிறது, அதுவும் வில்லுக்குறிக்கு அப்புறம். இப்படித் துண்டு துண்டாகச் செய்யும் ஜெபத்தைக் கர்த்தர் கேட்பாரா?

- ஒரு சகோதரி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சகோதரி, ஜெபத்தில் மனம் அலைபாய்கிறது என்று மாதம் ஒரு கடிதமாவது எனக்கு வரும். அவர்களுக்கு எழுதும் ஆறுதலை உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. அந்தக் கொடி என்னை விடமாட்டேன் என்கிறது.

சேலை காய்ந்தால் அம்மா சுகம். சரி, மழை நாளில் என்ன செய்கிறீர்கள்? நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வெளிக்கொடியில் துணி ஏது? அந்த மாதங்களில் அம்மா எப்படி இருந்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தச் சேலையைத் துவைத்தது யார், அம்மாவே குனிந்து துவைத்தார்களா, தம்பி மனைவி துவைத்துப் போட்டாரா? முழங்காலில் நீர் கோத்திருப்பதைச் சேலை சொல்லாது. ராத்திரி தூக்கம் வராமல் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார்கள் என்றும் சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் டயாலிசிஸ் செய்துகொள்வது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற தாய் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரியுமா?

துண்டு ஜெபத்தில் ஒரு குறையும் இல்லை. வேதத்தில் வரும் நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். அர்தசஷ்டா ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் இவர் சொன்ன பதிலுக்கும் நடுவில் ஒரு ஜெபம். கண்ணை மூடக்கூட நேரம் இருந்திருக்காது. ஆனால் ஜெபித்த அடுத்த நொடியில் வாய்திறந்து கேட்டார்: என்னை எருசலேமுக்கு அனுப்பும். லீவு வாங்கினார், கடிதங்கள் வாங்கினார், மரத்துக்கு உத்தரவு வாங்கினார், புறப்பட்டுப் போனார். இடிந்து கிடந்த எருசலேமின் அலங்கம், அதாவது மதில், 52 நாளில் கட்டி முடிந்தது. ராஜாவின் அரமனை இருந்த சூசானில் இருந்தபடியே ஜெபித்துக்கொண்டிருந்தால் ஒரு கல்லும் எழும்பியிருக்காது.

உங்கள் ஜெபம் வில்லுக்குறியில் இறங்க மறுக்கிறது. அதுதான் உங்களை அறுக்கிறது. அதற்கு அப்புறம் யாருக்காக ஜெபித்தாலும் எப்படி ஒட்டும்? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்றுதானே மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னார். தம்பி வரட்டும் என்று காத்திரு என்று சொல்லவில்லை.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுதி வாங்கியவன் பார்க்கட்டும் என்ற எண்ணம் உங்களுக்குள் இருக்கிறது. இருப்பதால்தான் அந்த விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். தாயைப் பார்ப்பது சொத்தோடு ஒட்டிவருகிற கடமை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டமே மகன், மகள் என்று பிரிக்கவில்லை. உங்கள் பங்கில் நியாயம் இருந்தால் அதற்கு வக்கீல் இருக்கிறார், பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் நடக்கட்டும். உங்கள் அம்மாவுக்கு அத்தனை வருடம் இல்லை.

வேலை முடிந்து வரும்போது போங்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இறங்கி ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாலும் செலவு கிடையாது. தக்கலையிலேயே ஒரு சீப்புப் பாளையங்கோடன் பழம் வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் தம்பி மனைவி நின்றால் முதலில் அவரிடம் பேசுங்கள், இரண்டு வருடமாக உங்கள் அம்மாவுக்குச் சோறு போட்டவர் அவர். வீட்டுப் பேச்சை எடுக்காதீர்கள். தம்பி எடுத்தால், "இன்றைக்கு அம்மாவைப் பார்க்க வந்தேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிவிடுங்கள். அந்த வயதில் குனிந்து தானாக வெட்ட முடியாது, மற்றவர்களிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கும். "ஏன் மக்களே இத்தனை நாள் வரல்ல?" என்று கேட்டால் சாக்குச் சொல்ல வேண்டாம். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்.

நாளைக்கே போங்கள், ஞாயிற்றுக்கிழமைவரை தள்ள வேண்டாம். குமாரகோவில் ஜங்ஷன் தாண்டியதுமே சீட்டிலிருந்து எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுவிடுங்கள். உட்கார்ந்திருந்தால் மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வீர்கள்.